வாளிச் சோறு

தெற்கே, பனைமரத்தைத் தவிர வேறு நிழல் இல்லாத ஒரு பொட்டலில் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று உண்டு. பேரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். அது அவர்களுக்கு நன்றாக வரும். கட்டடம் கட்டத்தான் வராது. அதன் ஹாஸ்டல் மாடியில், கடைசி அறையில் நாலு பேர் குடியிருந்தார்கள். நாலு பேரும் பிளஸ் டூவில் மார்க்கை அள்ளிக் குவித்தவர்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு மட்டும் ஒதுங்கிய ஆட்கள் சோற்றைப் பார்த்தால் சோறு என்று தின்றுவிட்டுப் போவார்கள். படித்தவர்கள் அப்படி அவசரப்பட முடியுமா?

நால்வரில் வேல்மயிலுக்குத்தான் கவலை அதிகம். ஏற்கெனவே ஒரு ஹாஸ்டலில் அவன் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். அங்கே 'குழாயைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள்' என்று எழுதிப் போட்டிருந்தது. வேல்மயில் குழாயைத் திறந்தான். போகவில்லை. தொட்டி வறண்டு, மோட்டார் புகைந்த பிறகும் குழாயடியிலேயே நின்றான்.

அவன் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஹாஸ்டல்லருந்தும் பத்திவிட்டான்னா நேரா உன் மாமன் கோழிக்கடைக்கு வந்துரு. படிப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

வேல்மயிலுக்குக் கோழி என்றால் பயம். குழம்பில் கிடக்கிற கோழியைக்கூட, அது செத்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவான்.

இப்படி இருக்கையில் மெஸ் மாஸ்டரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வார்டன் தனுஷ்கோடி சார் வராந்தாவில் நின்று முழங்கினார்.

"ஒரு வாரம் மெஸ் கிடையாது. பரோட்டாக் கடையில தின்னுக்கிடுங்க. எவனாவது ரூமுக்குள்ள சமைச்சான்னு தெரிஞ்சுது, பெட்டி ரோட்டுல கிடக்கும். ஹீட்டரு குளிக்கத் தண்ணி வைக்க மட்டுந்தான். சொல்லிட்டேன்!"

அந்தப் பொட்டலில் இருந்ததே ஒரு பரோட்டாக் கடை. கடைக்காரர் மெஸ் மாஸ்டருக்குச் சம்பந்தி முறை. அவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சொரிமுத்துதான் தலைமை. அவன் சித்தப்பா கோர்ட்டில் டைப் அடிக்கிறவர் என்பதால் அந்த அறையில் சட்டம் முழுவதும் அவன் கையில் இருந்தது.

"சார் என்ன சொன்னாரு? ரூமுக்குள்ள சமைக்கக் கூடாது. வாசப்படிக்கு அங்கிட்டு?"

"அது வராந்தா," என்றான் ஜெபமணி. வகுப்பில் அவன்தான் முதல்.

"வராந்தாவப் பத்தி வாயத் தொறந்தாரா?"

"தொறக்கல."

"அப்ப வாளி வராந்தாவுல. கரண்டு ரூமுக்குள்ள."

"கரண்டு உள்ள இருந்தா பாதி உள்ள சமைச்ச மாதிரி ஆவாதா?" என்று வேல்மயில் நடுங்கினான்.

"கரண்டத் திங்கப் போறியாலே? திங்கிறது எங்க வேகுதோ அதான் கணக்கு."

ஊரிலிருந்து வந்த அரிசி ஒரு பை அறையில் இருந்தது, சமைக்கத்தான் யாருக்கும் தெரியாது. வேல்மயிலின் அக்காவுக்குப் போன் போட்டார்கள். அக்கா பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே வழி சொன்னாள். அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவணும். பிறகு கொதிக்கவிடணும். ஒருத்தன் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அந்த ஹாஸ்டல் குழாயில் வரும் தண்ணீர் செம்மண் நிறம். அதில் கழுவினால் எந்தக் காலத்தில் தெளியும்? ஆள் மாற்றி ஆள் கழுவினார்கள். ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம் அரிசி சாக்கடையோடு போனது. வெயில் உச்சிக்கு ஏறியபோது பாதிதான் மிச்சம். கடைசியில் ஜெபமணிக்கு மூளை வேலை செய்தது. வாளியைக் கட்டிலுக்கு அடியில் இருட்டில் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இப்பக் கலங்கல் தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல மக்கா."

"அப்பத் தெளிஞ்சிட்டு."

வேல்மயிலின் பெயர் பெயிண்டில் எழுதிய பச்சை வாளி அது. வாசற்படிக்கு வெளியே வைத்து ஹீட்டரைத் தொங்கவிட்டார்கள். கண்ணை எடுக்காமல் இருக்கும் வேலை இருளப்பனுக்கு. நால்வரில் பலசாலி, பசி தாங்காதவன். அவன் கண் இமைக்கவில்லை. ஆவி அடித்துக் கண்ணீர் பொலபொலவென்று வாளிக்குள் விழுந்தது.

"ஏலே, தள்ளி நில்லு, கண்ணீர் விழுது!"

"விழட்டும்," என்றான் ஜெபமணி. "அக்கா உப்பப் பத்திச் சொல்ல மறந்துட்டா."

சோற்று வாசம் படியிறங்கி வார்டன் அறைக்குள் போனது. தனுஷ்கோடி சாரும் காலையிலிருந்து பிஸ்கட்டைத்தான் கடித்துக்கொண்டிருந்தார். வாசம் வந்த வழியே ஏறி வந்தார்.

"என்னலே இது?"

"குளிக்கத் தண்ணி சார்," என்றான் சொரிமுத்து.

"உள்ள வெள்ளையா என்னமோ குதிக்கி?"

"அரிசி சார்."

"குளிக்கிற தண்ணியில அரிசி எதுக்குலே?"

"காய வச்சது தண்ணியத்தான் சார். அரிசி கூட இருந்துச்சு. அதுவாச் சூடாயிட்டு."

சார் இருளப்பனைப் பார்த்தார். "பெரிய மனுசன் பேசுதேன், இவன் ஏன் என்னப் பாக்க மாட்டேங்கான்?"

"கண்ண எடுக்கக் கூடாது சார்," என்றான் இருளப்பன் வாளியைப் பார்த்தபடி.

சாரின் முகம் சிவந்தது. வாளியில் இருந்த பெயரைப் படித்தார். "குளிக்கத் தண்ணியா? சரி. வேல்மயிலு, குளி. இப்பவே குளி. என் கண்ணு முன்னால குளி. இல்லன்னா பெட்டியக் கட்டு!"

கோழிக்கடை வேல்மயிலின் கண்முன் வந்து கொக்கரித்தது. அவன் சட்டையைக் கழற்றினான்.

வாளி குளியலறைக்குப் போனது. கண்ணை எடுக்காமல் பின்னால் போன இருளப்பன் தூணில் முட்டினான். பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைத் தணித்துக்கொண்டு, வேல்மயில் முதல் சொம்பைத் தலையில் ஊற்றினான். சோறு நெற்றியில் வழிந்தது. இரண்டாவது சொம்பில் காதுக்குள் போனது. அரைவேக்காட்டுச் சோறாக இருந்திருந்தால் உதிர்ந்திருக்கும். இது குழைந்த சோறு, அப்பிக்கொண்டது. கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசியது போல நின்றான்.

"சோப்பு போடலையா?" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போட்டா சோறு கெட்டுப் போவும் சார்!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

குளியல் குளியல்தானே. சார் தலையில் அடித்துக்கொண்டு கீழே போனார். பாதிப் படியில் மூக்குக் கண்ணாடியைக் குளியலறைச் சுவரில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறினார்.

அறையில் வேல்மயில் தரையில் செய்தித்தாள் விரித்து நடுவில் உட்கார்ந்திருந்தான். மற்ற மூவரும் அவனைச் சுற்றிப் பந்தி உட்கார்ந்து, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, அவன் மேலிருந்து சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"முதுகு என் பக்கம்லே!" என்று இருளப்பன் சண்டை போட்டான்.

"எனக்குக் கொஞ்சம் வைங்கடா, எனக்கு முழங்கைதான் எட்டுது," என்று வேல்மயில் கெஞ்சினான்.

தனுஷ்கோடி சார் வாசலில் நின்று அலறினார்: "நீங்கள்ளாம் மனுசப் பிறவியாலே? ஏல வேல்மயிலு! வாளியும் உன்னுது, கூத்தும் உன்னுது. இனிமே உன் காலு இந்த ரூமுக்குள்ள படக் கூடாது! பட்டுதுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை மறந்தே போய்விட்டார். சொந்தக்காரர் ஒருவர் தவறிவிட்டதாகப் போன் வர, அன்றைக்கே ஊருக்கும் கிளம்பிவிட்டார்.

வேல்மயில் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினான். சொரிமுத்து அவன் கையைப் பிடித்தான்.

"கிறுக்கா, சார் என்ன சொன்னாரு? உன் காலு படக் கூடாதுன்னாரு. நீ இருக்கக் கூடாதுன்னா சொன்னாரு?"

நாலு பேரும் யோசித்தார்கள். கால் வேறு, ஆள் வேறு என்று முடிவானது. இருளப்பன் வேல்மயிலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான்.

அன்று முதல் இருளப்பன் முதுகில்தான் வேல்மயிலுக்குப் போக்குவரத்து. வாசற்படி வரை தூக்கிப் போவான், வராந்தாவில் இறக்கிவிடுவான். அறைக்குள் வேல்மயில் தும்மினாலும் காலை மடக்கிக்கொண்டுதான் தும்மினான்.

மெஸ் திறந்தது. சாரும் ஊரிலிருந்து வந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தவர், கட்டிலில் சம்மணமிட்டு இட்லி தின்றுகொண்டிருந்த வேல்மயிலைப் பார்த்தார்.

"நீ இன்னும் போகலையா?"

"கால் படவே இல்ல சார்!" என்று வேல்மயில் இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டினான். அழுக்கே இல்லை. குழந்தை கால் மாதிரி இருந்தது.

இருளப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். "இவன் இட்லி தின்னு கனத்துக்கிட்டே போறான் சார். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சார் சுவரில் சாய்ந்தார். கோபப்பட அவரிடம் தெம்பு மிச்சமில்லை. சாமியிடம் முறையிடுகிற குரலில் சொன்னார்:

"ஏலே... கால்தான படக் கூடாது? ஒரு செருப்பப் போட்டுக்கிட்டு நடந்து தொலையேம்ல!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வேல்மயில் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மனசு நொந்துபோய்க் கேட்டான்:

"சோறு திங்கிற எடத்துல செருப்பா? எங்களப் பாத்தா அறிவு கெட்டவங்க மாதிரியா சார் இருக்கு?"

தனுஷ்கோடி சார் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பு இருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்கடே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.