பந்து ரிங்கைத் தொட்டதா?

நெட்டையாம்பட்டியில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த மூன்று பேரைக் கூடைப்பந்துக்கு நடுவர்களாகப் போட்டார்கள். தலைமை நடுவர் பீதாம்பரம். துணைக்குக் கஜபதி, அய்யாவு. ஒரு நாள் பயிற்சி முகாமில் கேட்டதையெல்லாம் மூவரும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதிய பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

இவர்களிடம் வந்து மாட்டியவள் குமுதவல்லி, நூற்பாலைப் பெண்கள் அணியின் தலைவி. இறுதிப் போட்டி முடிய ஒரு விநாடிதான் பாக்கி. அவள் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. எதிரணிக்காரி ஒருத்தி குமுதவல்லியை இடித்துத் தள்ளியதில், யாரும் மறிக்காமல் கூடையில் எறிய அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் விழுந்தால் கோப்பை. ஆலைப் பெண்கள் முதன்முறையாக மாநிலப் போட்டிக்குப் போவார்கள். சிராய்த்த முழங்காலோடு எறியும் கோட்டில் வந்து நின்றாள். பந்து வரவில்லை.

பீதாம்பரம் பந்தை வைத்துக்கொண்டு, கூடைக்கு முன்னால் கோடு போட்டிருந்த கட்டத்துக்கு வெளியே நின்றார்.

"எறியிறவங்க கையை விட்டுப் பந்து போற வரைக்கும் யாரும் கட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு இருக்கு. அப்புறம் நான் எப்படி உள்ள போய்ப் பந்தைக் குடுக்கிறது?"

"அந்தப் பொண்ணு முதல்ல எறியட்டும்ணே. அப்புறம் போய்க் குடுங்க," என்றார் கஜபதி.

பீதாம்பரத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "எறிம்மா," என்றார்.

"கையில பந்து இல்லையே சார்."

"அப்போ தாமதம் உன்னோடது."

தாமதம் செய்தால் பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஐந்து விநாடி எண்ண வேண்டும் என்பது விதி. வைத்தார். நல்லவேளையாக அது உருண்டு அவள் காலடிக்கே வந்தது.

"அய்யாவு, எத்தனை ஆச்சு?"

"மனசுக்குள்ள எண்ணச் சொல்லியிருக்காங்கண்ணே. வெளிய சொன்னா தப்பாயிடும்."

இதை மூவரும் பேசித் தீர்ப்பதற்குள் குமுதவல்லி எறிந்துவிட்டாள். பந்து ரிங்கில் படாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது. ஆட்டம் சமன். முழங்காலை உதறிக்கொள்ள ஓரெட்டு முன்னால் வைத்தாள். பீதாம்பரம் விசில் அடித்தார்.

"பந்து ரிங்கைத் தொடுற வரைக்கும் கோட்டைத் தாண்டக் கூடாதும்மா. இது இன்னும் தொடலை."

"உள்ளேயே விழுந்துடுச்சே சார்."

"விழலைன்னு நான் சொல்லலை. தொட்டுச்சா?"

அவளுக்கு ஒரு வசவு நாக்கு நுனி வரை வந்தது. மாநிலப் போட்டியை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை எறிஞ்சு தொட வெச்சா?" என்றார் அய்யாவு.

"அது மூணாவது த்ரோ ஆயிடும்," என்றார் பீதாம்பரம். "ரிங்கைக் கீழ கொண்டாங்க."

கஜபதி ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் ரிங்கைக் கழற்றிக் கொண்டுவந்தார். பீதாம்பரம் அதைப் பந்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். முதல் த்ரோ செல்லும் என்று அறிவித்தார்.

இரண்டாவது த்ரோவுக்கு மேலே ரிங் இல்லை. திரும்ப மாட்டினால் தாமதமாகும், நடுவர்களே தாமதம் செய்யலாமா என்று யோசித்து, கஜபதியை ஏணியில் ஏற்றி ரிங்கைக் கையால் பிடிக்கச் சொன்னார்கள். குமுதவல்லி மூச்சை இழுத்துவிட்டு நிதானமாக எறிந்தாள். நல்ல எறிதான். பந்து பாதி வழி வந்தபோதுதான், பந்து அந்தரத்தில் இருக்கையில் யாரும் ரிங்கைத் தொடக் கூடாது என்ற விதி கஜபதிக்கு ஞாபகம் வந்தது. கையை விட்டுவிட்டார்.

ரிங் மண்ணில் மல்லாந்தது. பந்து போர்டில் மோதி, இரண்டு துள்ளு துள்ளி, அந்த ரிங்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"மேல வழியா உள்ள போயிருக்கு," என்றார் அய்யாவு.

"கீழ வழியா வெளிய வரலையே," என்றார் பீதாம்பரம். "வந்தாத்தான் புள்ளி. மண்வெட்டி எடுத்துட்டு வாங்க."

எதிரணிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். மேசைமேல் இருந்த கோப்பையைத் தாங்களே எடுத்துக் குமுதவல்லி கையில் கொடுத்து, கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். ஆலைப் பெண்களும் பையைத் தூக்கினார்கள்.

ரிங்குக்குக் கீழே குழி முழங்கால் அளவு ஆகியிருந்தது. போகிற போக்கில் குமுதவல்லி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு சார் தோண்டணும்?"

பீதாம்பரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"ரிங்குக்கும் தரைக்கும் நடுவுல பத்தடி இருக்கணும்மா."