தலைவர் கேட்ட இருபது சென்டிமீட்டர்

கோத்தகிரி மலைச் சைக்கிள் சங்கத் தலைவர் ஞானசிகாமணிக்கு உயரம் அஞ்சடிக்கும் கீழே, அதட்டல் ஆறடிக்கும் மேலே. ஒருநாள் சங்கத்து ஆட்கள் நாலு பேர் புடைசூழ மெக்கானிக் பெள்ளியின் கடைக்கு வந்து இறங்கினார்.

“லீவரை அமுக்கினா சீட்டு ஏறி இறங்குமே, அந்தக் கம்பி ஒண்ணு போடுப்பா.”

பெள்ளி அவர் காலை அளந்தான். “உங்களுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினாப் போதுங்க.”

“செயலாளருக்குப் பதினேழு போட்டுட்டு, தலைவருக்குப் பன்னிரண்டா? இருபதைப் போடு! காலும் பெடலுக்கு எட்டணும். இல்லேன்னா சங்கத்து சைக்கிள் ஒண்ணுகூட இனி இங்கே வராது.”

“போட்டுட்டாப் போச்சுங்க” என்று பெள்ளி, ‘20’ என்று பெரிதாக அச்சடித்த அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கம்பியை மாட்டிக் கொடுத்தான்.

நாலு பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இறங்கியிருந்த சீட்டில் தலைவர் ஜம்மென்று உட்கார்ந்தார். கால் எட்டியது. “பார்த்தீங்களா!” என்று எழும்பி லீவரை அமுக்கினார். சீட்டு விர்ரென்று உயர்ந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தவரின் கால்கள் காற்றில் பெடலைத் தேடின.

“எட்டலையேடா!”

“கம்பி சரியாத்தாங்க இருக்கு. செயலாளரோட காலையும் கேட்டு வாங்கிட்டு வந்தீங்கன்னா எட்டிடும்.”

சங்கம் சிரிப்பை விழுங்கியது. தலைவர் இறங்கி, பெள்ளியின் காதுக்கு எட்டக் குதிகாலைத் தூக்கி, மெல்லச் சொன்னார்:

“சின்னதையே போடு. பெட்டி மட்டும் பெரிசோடதைக் குடு.”