கொண்டைக்குருவியின் மூன்றாவது கூடு

மேல்மலையில், சோலைக்காட்டின் ஓரத்தில் சாமியம்மாவின் குடில் இருந்தது. குளிர் அதிகம். வெயில் ஏறும்வரை புல்லில் ஈரம் காயாது. அவரிடம் சீடனாக வந்த வெள்ளியங்கிரிக்குத் தலை நரைத்திருந்தது. அதற்கு முன் அவன் ஒரு பஞ்சாலையில் காவலாளி.

அந்தக் கோடையில் கொண்டைக்குருவி இணை ஒன்று குடிலருகே கூடு கட்டியது. முட்டைகளைக் காகம் உடைத்துக் குடித்தது. குருவிகள் மறுபடி கட்டின. அந்தக் குஞ்சுகளை மரநாய் தின்றது.

வெள்ளியங்கிரி மூச்சிரைக்க ஓடி வந்தான். "சாமியம்மா, அதோட காலடி என் காலடி மேலேயே பதிஞ்சிருக்கு. நான் போன வழியிலேயே வந்திருக்கு. என்ன திமிரு பாருங்க!"

"திமிருதான்" என்றார் சாமியம்மா.

மூன்றாவது கூட்டைக் குருவிகள் முள் ரோஜாப் புதரில் கட்டின. அதில் குஞ்சு பொரித்தபோது மழைக்காலம் நெருங்கிவிட்டது. இன்னொரு கூட்டுக்கு நேரமில்லை.

வெள்ளியங்கிரி ஒரு கவண் செய்துகொண்டான். விடிந்ததும் புதருக்குப் போவான். கிளையை விலக்கிப் பார்ப்பான். குஞ்சுகள் இருக்கும். திரும்புவான். சோற்றுக்கு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து மறுபடி போவான்.

"பூட்டை இழுத்துப் பாத்துட்டியா?" என்று சாமியம்மா கேட்பார்.

"கேலி பண்ணாதீங்க. நான் காவல் இருந்தவரைக்கும் மில்லுல இருந்து ஒரு கண்டு நூல் வெளிய போனதில்ல."

ஒரு நாள் பட்ட மரத்தில் காகம் வந்து உட்கார்ந்தது. அது புதரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது. கவணால் அடித்தான். அது அடுத்த மரத்துக்குப் போய் அங்கிருந்து பார்த்தது.

சாயங்காலம் அவன் சாமியம்மாவின் முன் வந்து நின்றான்.

"இதுவும் போச்சுன்னா நான் மலையிறங்கிடறேன். கையளவு உசிரைக் காப்பாத்த முடியாதவனுக்குக் காவி எதுக்கு?"

"போறப்ப மடிச்சு வெச்சுட்டுப் போ. நல்ல துணி."

அவன் சிரிக்கவில்லை. சாமியம்மா அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நாளைக்கு நீ போகாதே. நான் போறேன். வாசல்ல நின்னு பாரு. வாயைத் திறக்காதே."

மறுநாள் காலை காகம் அதே மரத்தில் இருந்தது. வாசலிலிருந்து முள் ரோஜாப் புதர்வரை, வெள்ளியங்கிரி நடந்து நடந்து புல் சாய்ந்து ஒரு தடம் விழுந்திருந்தது. சாமியம்மா அதில் கால் வைக்கவில்லை.

வேறு பக்கம் போய் ஒரு உன்னிப்புதரின் முன் குனிந்தார். கிளையை விலக்கினார். உள்ளே நெடுநேரம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியும்.

காகம் கழுத்தை நீட்டியது. அவர் நகர்ந்ததும் இறங்கிவந்து அந்தப் புதரைக் கிளறியது.

சாமியம்மா பெரணிக்கூட்டத்தின் முன் குனிந்தார். பிறகு ஒரு நாவல் கன்றின் முன். காகம் பின்னாலேயே வந்தது.

அடுத்தது முள் ரோஜாப் புதர்.

தாய்க்குருவி வாயில் புழுவோடு ஒரு குச்சியில் அசையாமல் இருந்தது. காகம் அதற்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. வெள்ளியங்கிரியின் கை கவணைத் தேடியது.

சாமியம்மா நடையைத் தளர்த்தவில்லை. தலையைத் திருப்பவில்லை. புதரைத் தாண்டிப் போனார். அதற்கடுத்த புதரின் முன் குனிந்தார். காகம் அவரைத் தொடர்ந்து பறந்தது.

வெயில் ஏறும்வரை இப்படியே நடந்தது. காகம் அவர் குனிந்த புதரையெல்லாம் கிளறிச் சலித்துப்போய், குடிலின் கூரையில் உட்கார்ந்து இறகைக் கோதத் தொடங்கியது. சாமியம்மா திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து பாதத்தில் தைத்த முள்ளைப் பிடுங்கினார்.

வெள்ளியங்கிரியால் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லாத புதரையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. அந்தக் கூட்டை மட்டும் ஏறெடுத்தும் பாக்கலையே. உள்ள உசிரு இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படி சாமியம்மா வர முடிஞ்சுது?"

"எந்தக் கூடு?" என்றார் சாமியம்மா.

அவன் கையை நீட்டினான்.

கூரையில் காகம் கோதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பியது.

வெள்ளியங்கிரி நீட்டிய கையை மெல்ல மடக்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.