உளுத்துப் போகாத பொந்து

பொந்துகளுக்குத் தட்டுப்பாடான ஒரு காட்டில் மரங்கொத்தி ஒன்று, மருதமரத்தில் இரண்டு பொந்துகளைக் குடைந்து வாடகைக்கு விட்டிருந்தது. ஒன்றில் மைனா. மற்றதில் குட்டிகளோடு ஓர் அணில். வாடகை, நாளுக்கு ஒரு பழம்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லவும் கூடாது. சொந்தக்காரருக்கே இருக்க இடமில்லை என்றால் மட்டும் பொந்தைத் திரும்பக் கேட்கலாம்.

மைனாவின் பொந்துக்குக் கூடை கூடையாய்ப் பழம் தருவதாகக் கிளி ஆசை காட்டியது. மரங்கொத்திக்கு எச்சில் ஊறியது. நேரே அணிலிடம் போனது.

"அணிலே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் வீடு உளுத்துப் போச்சுன்னு நீதிபதி ஆமையார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. இனிமே நீ வாடகையே தர வேண்டாம்."

"அது உளுத்துப் போகலையே?"

"அதைத்தான் சொல்லாதேங்கிறேன்."

அணில் கெட்டதில்லை, சபலம்தான். குட்டிகளுக்கு ஆகுமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சாட்சி சொன்னது.

நீதிபதி ஆமையாருக்கு ஓடைவரை நடக்க அலுப்பு. "குடியிருக்கிற அணிலே சொல்லுதே, பொய்யா இருக்குமா?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முட்டையிடும் சமயத்தில் மைனா பொந்தைவிட்டுக் கிளம்பியது. "வர்றேன் அக்கா" என்று மட்டும் சொன்னது. அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தது.

மறுநாளே கிளி குடிவந்தது. ஆமையாருக்கு அண்ணாந்து பார்க்கும் வழக்கமில்லை.

சில நாளில் மரங்கொத்தி மறுபடி வந்தது. "காலி பண்ணு. உன் பொந்துக்கும் கூடை கூடையாப் பழம் கிடைக்கும். மைனா பொந்து என் குடும்பத்துக்குப் போதலைன்னு சொல்லிக்கிறேன். வீடு உளுத்துப் போனதுக்குத்தான் நீயே சாட்சியாச்சே!"

அணிலின் குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அது ஆமையாரிடம் ஓடியது.

"ஐயா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அணில் கூனிக்குறுகி நின்றது.

அப்போது விஷயம் கேள்விப்பட்டு, நனைந்த சிறகோடு மைனா வந்தது. மொட்டை மரத்தில் அது இட்ட முட்டைகளில் ஒன்று மழையில் உருண்டு போயிருந்தது. "ஐயா, நடந்து போய்த் தட்டிப் பாருங்க. அக்கா இப்போ சொல்றதுதான் நிஜம்."

ஆமையார் முனகிக்கொண்டே நடந்தார். தட்டினால், மரம் கல்லாட்டம் இருந்தது. கிளி வெளியேறியது. மைனாவுக்குப் பொந்து திரும்பக் கிடைத்தது. அணிலை இனி யாரும் அசைக்க முடியாது.

அன்று அணில், இருப்பதிலேயே நல்ல பழத்தை எடுத்துக்கொண்டு மைனாவிடம் போனது. "எனக்காக ஏன் வந்தே?"

"குட்டிங்க கண்ணு திறக்கலையே, அக்கா."

அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அணிலுக்கு. பழத்தை வாசலில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் திரும்பியது.

கதை சொல்லும் நீதி: பக்கத்து வீட்டாரின் உரிமையை விட்டுக்கொடுப்பவர், தம் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.