நகம் பட்டால் உதிரும் காரை

மூடுபனி இறங்கிய காலைகளில் குளம் மறைந்துவிடும். நடுவிலிருந்த நீராழி மண்டபம் மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும். பரிசலில் அதை நெருங்கும்போதெல்லாம், தான் இன்னும் கண் விழிக்கவில்லையோ என்று கொற்றனுக்குத் தோன்றும்.

கொற்றன் கோட்டைகள் கட்டியவர். அவருடைய மதில்களில் மோதி யானைகள் தந்தம் முறிந்து திரும்பியதுண்டு. தலை நரைத்த பிறகு, எவனோ வந்து இடிப்பதற்கென்றே சுவர் எழுப்பியது போதும் என்றாகிவிட்டது. பழைய கற்கோயில்களைச் செப்பனிடும் உமையாளிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயதுதான். அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை ஐயா என்றாள்.

மண்டபத் தூண் ஒன்றில் ஒரு பெண் கூந்தல் உலர்த்திக்கொண்டு நின்றாள். மணற்கல்லில் வடித்தவள். கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்கள் பரிசலில் வந்து அவளிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள். தோளிலிருந்து காதோரம்வரை அவள்மேல் ஒரு விரிசல் ஓடியது.

"நான் வருவதற்குள் இதை அடைத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு உமையாள் வேறொரு கோயில் வேலைக்குப் போனாள்.

கொற்றன் தன் கையிருப்பிலேயே சிறந்ததைக் கொடுத்தார். கோட்டைக்குக் குழைக்கும் வச்சிரக்காரை. இறுகிவிட்டால் உளி வழுக்கும்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு பகலில், வெயிலுக்கு இதமாகத் தூணில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். கூந்தல் உலர்த்தும் பெண் குனிந்து அவர் காதில் சொன்னாள்:

"மூச்சு முட்டுகிறது."

திடுக்கிட்டு எழுந்து நிமிர்ந்து பார்த்தார். காரை இம்மியும் அசையாமல் இருந்தது. அதை ஒட்டியிருந்த அவள் கன்னத்தைக் காணவில்லை.

கொற்றன் குளத்தில் குதித்தார். முங்கி முங்கித் தரையைத் துழாவினார். ஒவ்வொரு முறையும் கை நிறைய மணலோடு வெளியே வந்தார். எது குளத்து மணல், எது கன்னம் என்று தெரியவில்லை.

உமையாள் திரும்பி வந்தபோது அவர் தலை நிமிரவில்லை. அவள் விரிசலை விரலால் தடவினாள்.

"உங்கள் காரைக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா."

அவள் விரல் கன்னம் இருந்த இடத்தில் வந்து நின்றது.

"உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழி தேடியிருக்கிறது. காரை விடவில்லை. கல் விட்டுக்கொடுத்தது."

"கன்னத்தை வேறு கல்லில் செய்து பொருத்தட்டுமா, அம்மா?"

"போனது போனதுதான்."

"அப்படியானால் என்னைப் போகச் சொல்லிவிடுங்கள்."

"போகலாம். போட்டதை எடுத்துவிட்டுப் போங்கள்."

பூசியது ஒரே பகலில். எடுக்கத் தை பிறந்து மாசியும் போயிற்று. பல் குத்தும் குச்சி அளவே இருந்த உளியால், கல்லுக்கு வலிக்குமோ என்று அஞ்சி அஞ்சி, பொடிப்பொடியாக எடுத்தார். ஒரு தட்டு அதிகமானால் காதும் போய்விடும். அந்த நாட்களில் அவர் கண்ணை மூடினால் எந்தக் கோட்டையும் வரவில்லை. யாரோ சீராக மூச்சு விடும் ஓசை மட்டும் கேட்டது.

கடைசித் துணுக்கும் விழுந்தது. காது தப்பியது. அவர் போகவில்லை.

உமையாள் சுண்ணாம்பையும் சலித்த மணலையும் சேர்த்துத் தளரக் குழைத்து விரிசலில் இட்டாள். அது உலர்ந்ததும் கொற்றன் நகத்தால் கீறிப் பார்த்தார். பொடி உதிர்ந்தது.

"நகத்துக்கே தாங்கவில்லையே, அம்மா! இது எத்தனை காலம் நிற்கும்?"

"நாலைந்து மழை."

"பிறகு?"

"உதிரும். மறுபடி வந்து பூச வேண்டும்."

"உதிர்வதற்கா இவ்வளவு பாடு?"

உமையாள் கையிலிருந்த சுண்ணாம்பைக் குளத்து நீரில் கழுவினாள்.

"மழை வந்தால் ஏதோ ஒன்று உதிரத்தான் போகிறது, ஐயா. அது நாம் பூசியதாக இருக்கட்டும்."