தமயந்தியின் தொட்டி

முதலில் ஒரு விடுகதை. வேண்டாமென்று நீ விடுவாய். வாயில்லாமல் நான் தின்பேன். தின்றதெல்லாம் என் உடம்பாகும். நான் யார்?

தெரிந்தவர்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கள். தெரியாதவர்கள் கதையைக் கேளுங்கள், வழியிலேயே கிடைத்துவிடும்.

வில்லிவாக்கத்தில் கோதண்டம் என்று ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் இருந்தார். அவருடைய மனைவி தமயந்தி, ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டில் அவரும், ஒன்பது வயது மகள் சுடரும், தமயந்தி வளர்த்த மீன் தொட்டியும் மிஞ்சினார்கள்.

எளிமையான தொட்டி அது. அடியில் தோட்டத்து மண், அதன்மேல் மணல், நிறையச் செடிகள், கொஞ்சம் கப்பி மீன்கள். காற்று ஊதும் மோட்டார் கிடையாது, செடிக்கு ஏற்றும் காஸ் கிடையாது. சன்னல் வெளிச்சம்தான் எல்லாம். கொளத்தூரில் மீன் கடை வைத்திருந்த மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொண்டு தமயந்தி அதை அமைத்திருந்தாள். மெஹருன்னிசாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஆனாலும் தொட்டி கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் விற்பாள். அதனால் அந்தத் தெருவுக்கே அவள் டீச்சர்.

தமயந்தி போனபிறகு தொட்டியில் செடிகள் ஒவ்வொன்றாகக் கரைய ஆரம்பித்தன. கோதண்டம் மெஹருன்னிசாவின் கடைக்குப் போய், மனைவி உட்கார்ந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து பாடம் கேட்டார். டீச்சரைவிட மூத்த மாணவர்.

"செடிக்கு என்ன வேணும், டீச்சர்?"

"பொறுமை."

"அது கடையில கிடைக்காதே."

"அதான் எனக்கு வியாபாரம் கம்மி."

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. காஸ் குறைந்தால் ஏற்றுவது அவர் தொழில். வேறொரு கடையில் கரியமிலவாயு சிலிண்டர் ஒன்றை வாங்கிவந்து, அதன் குழாயைத் தொட்டிக்குள் விட்டார். இலை மளமளவென்று வரும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சுடர் சிலிண்டரின் குமிழை மூடினாள். அவர் திறந்தார். அவள் மறுபடி மூடினாள்.

"ஏம்மா மூடற? செடி செத்துரும்டா."

"இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்."

அதற்குமேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பள்ளிக்குப் போனதும், கோதண்டம் குமிழை நன்றாகத் திருகித் திறந்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று அரைநாள் பள்ளி. அவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது சுடர் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குமிழை அவள் மூடியிருந்தாள். ஆனாலும் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரு கப்பி வயிறு தெரிய மிதந்தது. கோதண்டம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் டீச்சரைக் கையோடு அழைத்துவந்தார்.

"காஸ் பத்தலையா, டீச்சர்?"

"ஏறிப்போச்சுண்ணா. இது ஃபிரிட்ஜ் இல்ல."

மெஹருன்னிசா குழாயை வெளியே இழுத்துப் போட்டாள். ஒரு சொம்பு கேட்டு வாங்கி, தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்தில் தூக்கி, காற்று கலக்கும்படி திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். கை சளைக்கும்வரை மொண்டு மொண்டு ஊற்றினாள். மீன்கள் மெல்ல அடியில் இறங்கின.

அதன்பிறகுதான் அவள் அறையைப் பார்த்தாள். உச்சி வெயில் நேரத்தில் அறை இருட்டாக இருந்தது. சன்னலின் மரக்கதவு சாத்தியிருந்தது. இடுக்குகளில் பழந்துணி திணித்திருந்தது.

"இது யாரு செஞ்சது?"

"பாப்பாதான். காரியம் முடிஞ்ச நாள்லேருந்து திறக்க விடமாட்டேங்குது. ஏதோ பயம்னு விட்டுட்டேன்."

"என்ன பயம்னு கேட்டீங்களா?"



மெஹருன்னிசா தரையில் உட்கார்ந்தாள். "சன்னலை ஏன் சாத்தி வெச்சிருக்க, கண்ணு?"

"தொறந்தா அம்மா மூச்சு வெளிய போயிடும்."



"மூச்சைப் பத்தி யாரு சொன்னாங்க?"

"அம்மாதான். விடுகதை போடும். நாம வெளிய விடற மூச்சைத் தின்னுதான் செடி இலை விடுதாம். தினம் காலையில தொட்டிகிட்ட குனிஞ்சு 'ஹா'ன்னு ஊதும். என்னையும் ஊதச் சொல்லும்." சுடர் சிலிண்டரைப் பார்த்தாள். "அதுக்குள்ள யாரோட மூச்சு இருக்கோ."

"இவ அம்மா சொன்னது நிஜமா, டீச்சர்?" என்று கேட்டார் கோதண்டம்.

"செடி திங்கிற காஸ்ல நிறைய, அடிமண்ணு மக்கி வர்றது. கொஞ்சம் மீன் விடறது. கொஞ்சம், ரூம்ல இருக்கிறவங்க விடறது."

"கொஞ்சமா?" என்றாள் சுடர்.

"ரொம்பக் கொஞ்சம். பொய் சொன்னா தமயந்தி அக்கா என்னைத் திட்டுவாங்க."

சுடர் யோசித்தாள். "கொஞ்சம்னாலும் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா இருட்டுல செடி சாப்பிடாது, கண்ணு. அதான் கரைஞ்சுபோகுது."

"சன்னலைத் தொறந்தா?"

"வெளிச்சம் வரும். உள்ள இருக்கிற காத்து போகும்."

"அம்மாவோடதுமா?"

மெஹருன்னிசா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "அது எப்பவோ போயிடுச்சு. நீ வாசக்கதவைத் திறந்துட்டு எத்தனை வாட்டி போய் வந்திருக்க."

சுடர் அழுதாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கோதண்டம் கிட்டே போனார், அவள் நகர்ந்துகொண்டாள். அழுது முடித்ததும் அவளாகவே சொன்னாள்: "தொறந்துக்கோ."

அவர் துணிகளை உருவினார். மாதக்கணக்கில் சாத்தியிருந்த கதவு மழையில் ஊறி இறுகியிருந்தது, தோளால் இடிக்கவேண்டியிருந்தது. வெயில் தொட்டிக்குள் விழுந்தது.

எவ்வளவு செடி போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நாடா மாதிரி நீண்டு வளர்ந்த செடிகளில் ஒன்றுகூட இல்லை. மூலையில் கிரிப்டோ என்கிற செடி மட்டும் நின்றது. அதில் ஒரே ஒரு பெரிய இலை. அதுவும் ஓரமெல்லாம் கரைந்து மஞ்சளாகியிருந்தது. அதன் அடியில் நகம் அளவுக்கு ஒரு தளிர்.

"இந்தப் பெரிய இலை எப்ப வந்தது?" என்று கேட்டாள் மெஹருன்னிசா.

"அம்மா இருக்கும்போது. அம்மாதான் காட்டுச்சு."

"இந்தக் குட்டி?"

"இப்பத்தான்."

"இப்ப இந்த ரூம்ல மூச்சு விடறது யாரு?"

"நானும் அப்பாவும்," என்றாள் சுடர். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பெரிய இலை அழுகிடுமா, அக்கா?"

"அழுகும்."

"அழுகறதுக்கு முன்னாடி எடுத்துரலாம்," என்று அவசரமாகச் சொன்னார் கோதண்டம். உள்ளே போய், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நடுவில் விரித்தார். "இதுல வெச்சா காஞ்சிடும். அப்படியே இருக்கும். அம்மாவோட இலை நம்மகிட்டயே இருக்கும்டா."

"இருக்குமா, அக்கா?"

"இருக்கும். ரொம்ப வருஷம் இருக்கும்."

"எடுக்காம விட்டா?"

"கரைஞ்சுபோகும். கரைஞ்சதை மத்த இலைங்க தின்னும்."

"எந்த இலை தின்னுச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. யாராலயும் காட்ட முடியாது."

சுடர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். அவள் விரல்கள் இலையின் காம்பைப் பிடித்தன. கோதண்டம் புத்தகத்தை விரித்தபடி பக்கத்தில் நின்றார்.

"எது சரி, டீச்சர்?" என்றார் தணிந்த குரலில்.

மெஹருன்னிசா கேட்டாள்: "தமயந்தி அக்காகூட நின்னு நீங்க ஒரு நாளாவது இதுல ஊதியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப கூட நின்னு ஊதினவளைக் கேளுங்க."

கோதண்டம் கேட்பதற்குள், சுடர் காம்பை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். பெரிய இலை தளிரின்மேலேயே நின்றது.