கன்னம் உரசாத கெண்டைகள்

அந்தக் காலத்தில் மீன்கள் பேசும். சும்மா பேசாது, வாய் ஓயாமல் பேசும். அதிலும் உப்புக் கழியோரத்துக் குளம் ஒன்றில் இருந்த கெண்டைகள், பேசுவதற்கு முன்னால் கன்னத்தோடு கன்னம் உரசிக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் வணக்கம். உரசாமல் போய்விட்டால், "என்ன, பெரிய இடத்துச் சம்பந்தமோ?" என்று ஒரு வாரம் குத்திக்காட்டுவார்கள்.

அந்தக் குளத்துக்குத் தலைவி செதிலி. அவளுக்கு ஒரே மகள், மினுக்கி.

ஒரு மழையில் மேட்டுக் குளம் உடைந்து, வெள்ளத்தோடு நெடுவாலன் என்ற கெண்டை வந்து சேர்ந்தான். மேல்தண்ணீரில் நின்று வாயைப் பிளந்து மூச்சு வாங்கினான். ஒரு பக்கத்துச் செவுள் மூடி சரியாக மூடவேயில்லை.

"அம்மா, இவர் மூச்சே சரியில்லையே," என்றாள் மினுக்கி.

"அட, நீந்தி வந்த களைப்புடி. வந்தவங்களை வாசல்ல நிறுத்தறதா நம்ம வழக்கம்?" என்று சொல்லிவிட்டு, செதிலியே முதலில் போய்க் கன்னம் உரசினாள். பின்னாலேயே மகள். அவள் பின்னால் குளம் முழுக்க. பாவம், நல்ல மனசால் கெட்டாள் செதிலி!

பத்து நாள் ஆயிற்று. மினுக்கிக்கு இரை இறங்கவில்லை. தாமரைத் தண்டில் செவுளைத் தேய்த்தபடியே இருந்தாள். பிறகு அவளும் மேலே போய் வாய் பிளந்து நின்றாள். செதிலி மகளின் செவுள் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளுத்துப்போய், சளி படிந்து கிடந்தது. சளிக்குள்ளே தெரிந்தும் தெரியாமலும் பொடிப் புழுக்கள் நெளிந்தன. ஐயோ, பெற்ற வயிறு எப்படித் தாங்கும்?

"அந்த நெடுவாலனைத் துரத்துங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். தேடினால் ஆளைக் காணோம்.

மூன்றாம் நாள் அவனே வந்தான். செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது. கிட்டே வராமல் எட்டியே நின்றான்.

"என்னாலதான் வந்துச்சுன்னு தெரியும், அக்கா. எங்கேயாவது போய்ச் சாகலாம்னு கரை இடுக்குக் குழியில போய்ப் படுத்தேன். அங்கே கழித்தண்ணி கசியுது, ஒரே உப்பு. அது பட்டதும் புழு உதிர்ந்துபோச்சு. ஆனா ரொம்ப நேரம் இருந்தா உசுருக்கே ஆபத்து. உடம்பு சாய்ஞ்சா உடனே இழுத்துடணும்."

செதிலிக்கு வேறு வழி? குழியில் ஒருவருக்குத்தான் இடம். மகளை உள்ளே தள்ளினாள்.

"எரியுதும்மா! விடும்மா!"

"இன்னும் கொஞ்சம், என் தங்கமே." மனதைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள். மினுக்கி பக்கவாட்டில் சாய்ந்ததுதான் தாமதம், வாலைக் கவ்வி நல்ல தண்ணீருக்கு இழுத்து வந்தாள். மகளிடம் அசைவே இல்லை. செதிலிக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் மினுக்கியின் செவுள் மூடி ஒரு முறை திறந்து மூடியது.

புழு தொற்றிய மற்றவர்களும் முறை வைத்துக் குழிக்குப் போனார்கள். "முதல்ல உரசினவ நான். கடைசியா போறேன்," என்று செதிலி நின்றுகொண்டாள்.

இரண்டு நாளில் தேறிய மினுக்கி, வழக்கப்படி அம்மா கன்னத்தில் உரச ஓடி வந்தாள். செதிலி ஒரு துடுப்பு அகலம் பின்னால் நகர்ந்தாள்.

"என் மேல கோபமாம்மா?"

"கோபமாடி? என் செவுள்ல இன்னும் அந்தச் சனியன் இருக்கு. அங்கேயே நில்லு, கண்ணு. பார்த்துக்கிட்டே இருக்கேன், அது போதும்."

செதிலியின் முறையும் வந்தது, அவளும் தேறினாள். ஆனால் பட்ட பயம் போகவில்லை. புதிதாக யார் வந்தாலும் உப்புக் கசியாத வேறொரு தனிக் குழியில் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் குளத்துக்குள் வர வேண்டும் என்றாயிற்று. அந்தக் குழிக்குக் காவல், நம் நெடுவாலன்தான். வந்தவர்களுக்கு இரை கொண்டுபோய்க் கொடுப்பதும் அவனே.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய கூட்டமாகப் போனாலும் மீன்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு துடுப்பு அகலம் விட்டு நீந்துகின்றன. செவுள் அரித்தால் கல்லில் போய் உரசிக்கொள்கின்றன, பிள்ளை மேல் உரசுவதில்லை.